நான்கு பலகை போட்டால் ஓடும் கார்

மகனே,

இதைப் படிக்கும்போது உனக்கு இருபத்தைந்து வயதாவது ஆகியிருக்க வேண்டும். அதற்கு முன்னால் உன் கையில் கிடைத்தால் மடித்து வைத்துவிடு. எனக்கு இப்போது பதினேழு. பிளஸ் டூ படிக்கிறேன். நீ இன்னும் எங்கும் இல்லை. உன் அப்பா யார் என்றுகூட எனக்குத் தெரியாது. இருந்தாலும் உனக்குத்தான் எழுத முடிகிறது. உயிரோடு இருக்கும் யாருக்கு எழுதினாலும் அது விடிவதற்குள் பெரியம்மாவின் கைக்குப் போய்விடும். பெரியம்மா என்றால் என் அம்மாவின் அக்கா இல்லை. உத்திரமேரூர் போகும் வழியில் இருக்கிற எங்கள் ஊரில் பாதி நிலம் இந்த வீட்டுக்காரர்களுடையது. என் அப்பாவும் அம்மாவும் அந்த நிலத்தில் வேலை செய்கிறவர்கள். அதனால் இந்த வீட்டு அம்மாவை நாங்கள் பெரியம்மா என்று கூப்பிட வேண்டும். அவர் மகனைச் சின்னவர் என்று கூப்பிட வேண்டும். நான்கு நாளாக என்னை இந்த வீட்டில்தான் படுக்க வைத்திருக்கிறார்கள். அப்பாவும் அம்மாவும் ஆஸ்பத்திரியில் இருக்கிறார்கள், வயசுப் பெண் தனியாக இருக்கக் கூடாது என்று காரணம் சொன்னார்கள். வேர்க்கடலை மூட்டை அடுக்கிய அறை. கதவை வெளியே தாழ் போடவில்லை. ஆனால் பெரியம்மா கட்டிலை வாசலுக்குக் குறுக்கே போட்டுக்கொண்டு தூங்குகிறார்.

எழுதுவதற்கு வெளிச்சம் ஜன்னல் வழியாக வருகிறது. கார் ஷெட்டில் ராத்திரி முழுவதும் விளக்கு எரியும். காலனியில் எங்கள் தெரு விளக்கு போய் ஆறு மாதமாகிறது. மனு கொடுத்திருக்கிறோம். கார் மனு கொடுக்காமலே வெளிச்சத்தில் தூங்குகிறது.

உனக்கும் ஒருநாள் அப்படி ஒரு காரின்மேல் ஆசை வரும். வராது என்று நினைத்து என்னை ஏமாற்றிக்கொள்ள மாட்டேன். உயரம் குறைந்து, இரண்டே கதவோடு, கார் வருவதற்கு முன்பே அதன் சத்தம் வந்து சேர்கிற மாதிரி ஒன்று. தினசரி உபயோகத்துக்கு ஒத்து வருமா என்று ஃபோனில் வீடியோ வீடியோவாகப் பார்ப்பாய். அதில் பேசுகிறவர்கள் மைலேஜ் சொல்வார்கள், சர்வீஸ் செலவு சொல்வார்கள், சீட்டில் முதுகு வலிக்குமா என்று சொல்வார்கள். அவர்கள் ஒரு வாரம் ஓட்டிப் பார்த்துவிட்டுப் பேசுகிறவர்கள். நான் எட்டு மாதம் பக்கத்தில் நின்று பார்த்தவள். ஸ்கேல் வைத்து அளந்தவள். அந்தக் கார் எங்கள் ரோட்டில் தினசரி உபயோகத்துக்கு வந்ததே என்னால்தான். அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். நீ மகளாக இருந்தாலும் படி. ஆனால் எங்கள் ஊரில் மகளுக்குக் கார் வாங்கிக்கொடுத்து நான் பார்த்ததில்லை. அதனால் மகனே என்றே எழுதுகிறேன்.

பொங்கல் லீவு முடிந்த மறுநாள் கார் வந்தது. மஞ்சள் நிறம். சின்னவர் சென்னையிலிருந்து ஓட்டிக்கொண்டு வந்தார். ஊருக்குள் போக வேண்டுமானால் எங்கள் காலனியைத் தாண்டித்தான் போக வேண்டும். காலனி வாசலில் ஒரு வேகத்தடை இருந்தது. அது அரசாங்கம் போட்டதில்லை. இரண்டு வருடத்துக்கு முன் பால் வண்டி ஒன்று என்னோடு படிக்கும் செல்வியின் தங்கச்சியை அடித்துப்போட்டது. அவள் ஆறு மாதம் படுத்திருந்தாள். எங்கள் பக்கமெல்லாம் இப்படி ஒன்று நடந்தால் அந்தத் தெருக்காரர்களே சிமெண்டும் ஜல்லியும் கொட்டி வேகத்தடை போட்டுவிடுவார்கள். யாரையும் கேட்க மாட்டார்கள், அளவும் பார்க்க மாட்டார்கள், கோபம் எவ்வளவோ அவ்வளவு உயரம். எங்கள் வேகத்தடையைக் கரண்டி பிடித்துப் பூசியது என் அப்பா. ஆட்டோவே முனகிக்கொண்டுதான் ஏறும்.

மஞ்சள் கார் அதன்மேல் மூக்கை வைத்ததும் தகரத்தைத் தரையில் இழுத்த மாதிரி ஒரு சத்தம். சின்னவர் பிரேக் போட்டார். டீக்கடையில் இருந்த எல்லோரும் எழுந்து வந்துவிட்டார்கள்.

"இன்னாபா இது, கார் தவழ்ந்துக்கினு வருது?"

"கொழந்தடா. வளந்தா எழுந்து நடக்கும், வுடு."

சின்னவர் இறங்கினார். கார் உயரம் அவர் மார்புவரைகூட வரவில்லை. "எவன்டா சிரிச்சது?" என்றார். யாரும் சிரிக்கவில்லை. "இத்த இப்பவே ஒடைக்கணும். கடப்பாரை எட்தாங்கடா."

அப்போது செல்வியின் அம்மா வந்து வேகத்தடைமேல் உட்கார்ந்தார். சத்தம் போடவில்லை, சும்மா வந்து உட்கார்ந்தார். பின்னாலேயே மற்றப் பெண்களும் வந்து உட்கார்ந்தார்கள். என் அம்மாவும் உட்கார்ந்தார். "நீங்க வேணா சுத்திக்கினு போங்க சின்னவரே. இது எங்க புள்ளைங்களுக்குப் போட்டது" என்றார் செல்வியின் அம்மா. சுற்றிக்கொண்டு போக ஏரிக்கரை மண் பாதைதான் இருக்கிறது. அதில் அந்தக் கார் மூன்று அடி போகாது. அவருக்கும் தெரியும், எல்லோருக்கும் தெரியும். இன்னும் கால் மணி நேரம் அப்படியே விட்டிருந்தால் அவர் காரைத் திருப்பிக்கொண்டு சென்னைக்குப் போயிருப்பார். ஒரு வாரத்தில் விற்றிருப்பார்.

நான் கெடுத்தேன். ஸ்பெஷல் கிளாஸ் முடிந்து சைக்கிளோடு நின்றுகொண்டிருந்தேன். பிசிக்ஸில் நான்தான் முதல் மார்க். எனக்கு விடை தெரிந்த கேள்வி ஒன்று ரோட்டில் கிடந்தது, அவ்வளவுதான். ஜாமெட்ரி பாக்ஸிலிருந்து ஸ்கேலை எடுத்துக்கொண்டு யூனிஃபார்மோடு ரோட்டில் குப்புறப் படுத்தேன். காரின் அடிவயிற்றுக்கும் தரைக்கும் நடுவே பதினொரு சென்டிமீட்டர். வேகத்தடையின் உச்சி பதினேழு. எழுந்து, "சார், நாலு பலகை இருந்தா அடி தட்டாம போய்டும்" என்றேன். ஏறுகிற பக்கம் இரண்டு, இறங்குகிற பக்கம் இரண்டு. எவ்வளவு நீளம், எவ்வளவு தடிமன், இரண்டு பலகைக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி என்று நோட்டில் படம் போட்டுக் காட்டினேன். பெண்கள் என்னையே பார்த்தார்கள். செல்வியின் அம்மா முதலில் எழுந்து போனார். போகும்போது என் அம்மாவிடம், "ஒம் பொண்ணு நல்லாப் படிக்குது" என்றார். அது பாராட்டில்லை என்று எனக்கு அன்றைக்குப் புரியவில்லை.

கட்டடம் கட்டும் இடத்திலிருந்து பலகை வந்தது. கார் ஏறி இறங்கியது. அடி தட்டவில்லை. சின்னவர் ஜன்னல் கண்ணாடியை இறக்கி, "யார் பொண்ணு இது? ஏழுமலை பொண்ணா? இன்னா மூளைடா ஏழுமல இதுக்கு!" என்றார். அப்பாவை அவர் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார். அப்பா அவரைத் தோளில் தூக்கித் திருவிழா காட்டியிருக்கிறார். அன்றைக்கு அப்பாவுக்கு இருந்த பெருமையை நீ பார்த்திருக்க வேண்டும். போவோர் வருவோரிடமெல்லாம், "எம் பொண்ணு கணக்கு. பாத்தியா, நூல் புடிச்ச மாரி போச்சு" என்றார். மறுநாள் காலை அவரைக் கழனி வேலையிலிருந்து நிறுத்திப் பலகை வேலைக்குப் போட்டார்கள்.

அது என்ன வேலை என்று கேட்பாய். எங்கள் ஊரிலிருந்து உத்திரமேரூர் பஜாருக்குப் போகும் வழியில் ஒன்பது வேகத்தடை. என் அப்பா டிவிஎஸ் மொபெட்டில் நான்கு பலகையையும் கட்டிக்கொண்டு முன்னால் போவார். வேகத்தடை வந்ததும் இறங்கி, பலகையை அவிழ்த்து, என் படத்தில் இருந்தபடி வைப்பார். கார் வரும், ஏறும், இறங்கும். மறுபடி நான்கையும் எடுத்துக் கட்டிக்கொண்டு, காரைத் தாண்டி அடுத்ததற்கு ஓடுவார். சின்னவர் பஜாரில் டீ குடித்துவிட்டுத் திரும்பும்போது மறுபடி ஒன்பது. அறுவடைக் காலத்தில் எங்கள் ரோட்டில்தான் நெல் காயவைப்பார்கள். மற்ற வண்டி நெல்மேல் ஏறிப் போகும். இந்தக் காரின் மூக்கு தாழ்வு, நெல்லை வாரிக்கொண்டு போகும். அதனால் அப்பா துடைப்பத்தையும் கட்டிக்கொண்டு போனார். கார் போக வழி பெருக்கி, போன பிறகு நெல்லைப் பழையபடி பரப்பிவிட்டு, களத்துக்காரர்களிடம் திட்டு வாங்கிக்கொண்டு வருவார். வீடியோவில் பேசுகிற ஒருவரும் இந்தச் செலவைச் சொல்ல மாட்டார். ஒரு கார் தினசரி உபயோகத்துக்கு ஆகுமா என்று பார்க்க எனக்குத் தெரிந்த ஒரே வழி, அது வீட்டிலிருந்து டீக்கடை போய்ச் சேர அதற்கு முன்னால் எத்தனை பேர் குனிய வேண்டும் என்று எண்ணுவதுதான். இந்தக் காருக்கு ஒருவர், போக வரப் பதினெட்டு முறை.

எங்கள் ஸ்கூல் வாசலிலும் ஒரு வேகத்தடை இருக்கிறது. அப்பா அங்கே குனிவதை என் வகுப்பு முழுவதும் ஜன்னலில் நின்று பார்க்கும். "ஏய், ஒங்க நைனா ரோடு போட்டுக்கினு கீறாரு பாரு" என்பார்கள். நான் பாடம் எழுதுகிற மாதிரி தலையைக் குனிந்துகொள்வேன். ஒருநாள் அவர் நிமிர்ந்து என்னைத் தேடிக் கையசைத்தார். நான் பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன். சாயங்காலம், "இன்னா பாப்பா, கண்ணு சரியாத் தெரியலயா? கண்ணாடி கிண்ணாடி போடணுமா?" என்று கேட்டார். கரும்பலகை கொஞ்சம் மங்கலாகத்தான் தெரிகிறது நைனா என்றேன். ஒரு நாள் வேலையை விட்டு என்னைக் காஞ்சிபுரம் கூட்டிப்போய்க் கண் பார்க்க வைத்தார். கண் நன்றாக இருக்கிறது என்று டாக்டர் சொன்னதும் அவருக்கு அவ்வளவு சந்தோஷம்.

என் படத்தில் ஒரு தவறு இருந்தது. பாடப்புத்தகக் கணக்கில் உராய்வைப் புறக்கணிக்க என்று போட்டிருப்பார்கள். நானும் புறக்கணித்துவிட்டேன். தாளில் பலகை நகராது. ரோட்டில், அதுவும் ஈர ரோட்டில், டயர் பட்டதும் பின்னால் நழுவும். இரண்டாம் நாளே அப்பா கண்டுபிடித்துவிட்டார். என்னிடம் சொன்னால் நான் வருத்தப்படுவேன் என்று சொல்லவில்லை. பலகையின் ஓரத்தை வலது காலால் மிதித்துக்கொண்டு நிற்க ஆரம்பித்தார். எட்டு மாதம் என் கணக்கைச் சரியாக்கியது அவர் கால்தான்.

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் மழை பெய்து விட்டிருந்தது. நான் ஸ்பெஷல் கிளாஸ் முடிந்து காலனி வாசலுக்கு வந்தேன். சின்னவர் சென்னையிலிருந்து வந்த நண்பரைப் பக்கத்தில் உட்கார வைத்திருந்தார். நான் காலிக் காரைத்தான் அளந்தேன். ஓர் ஆள் கூட ஏறினால் அது இன்னும் தாழும் என்பதும் என் கணக்கில் இல்லை. அப்பா ஏறுகிற பக்கத்துப் பலகை இரண்டையும் வைத்துவிட்டார், மற்ற இரண்டையும் அவிழ்த்துக்கொண்டிருந்தார். கண்ணாடி இறங்கியிருந்ததால் காருக்குள் பேசுவது கேட்டது. "தெனோம் இப்படி நின்னு நின்னா போவ? நம்மூரு கட்ட வண்டியே தேவலடா" என்று நண்பர் சிரித்தார். "நிக்காமயே ஏத்தறேன் பாரு" என்றார் சின்னவர். கார் உறுமியது. அப்பா பலகைகளை அப்படியே போட்டுவிட்டு ஓடிவந்து வழக்கம்போல ஓரத்தை மிதித்தார். டயர் ஏறியது, பலகை நழுவியது, சக்கரம் அப்பாவின் பாதத்தின்மேல் இறங்கி நின்றது.

அவர் கத்தவில்லை. "தம்பி, கால் மேல நிக்குது. கொஞ்சம் எடுங்க தம்பி" என்றார். டீ சொல்கிற குரலில் சொன்னார்.

சின்னவர் தலையை வெளியே நீட்டிப் பார்த்தார். அவர் முகம் வெளுத்துப்போனது. நண்பர் "பின்னால எட்றா" என்று கத்தினார். "பின்னால எட்தா பலகை அடியில குத்தும்டா, முன்னால எட்தா மூக்கு போய்டும்" என்றார் சின்னவர். பிறகு என்னைப் பார்த்தார். "பாப்பா! அந்தாண்ட ரெண்டு பலகைய போடு. சீக்கிரம்."

மகனே, நான் போட்டேன். அதுதான் நான் உனக்குச் சொல்ல வேண்டிய வரி. ஓடிப்போய் அவர் சட்டையைப் பிடித்திருக்கலாம், கல்லை எடுத்துக் கண்ணாடியில் போட்டிருக்கலாம். நான் சைக்கிளை ஸ்டாண்ட் போட்டு நிறுத்தினேன். முதல் பலகையைத் தூக்கி வைத்தேன். இரண்டாவதை வைத்தேன். இடைவெளி சரியாக இருக்கிறதா என்று முட்டி போட்டுப் பார்த்தேன். ஒரு பலகை கொஞ்சம் உள்ளே இருந்தது, அதைத் தள்ளிச் சரிசெய்தேன். அவ்வளவு நேரமும் அப்பா காரின் கூரையில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். கார் முன்னால் போய் ஏறி இறங்கியது. அடி தட்டவில்லை. அதன் பிறகுதான் அப்பா உட்கார்ந்தார்.

டீக்கடைக்காரர்கள் அப்பாவைத் தூக்கிக்கொண்டு காரிடம் போனார்கள். சின்னவர், "எங்க ஒக்கார வெப்பீங்க? ரெண்டு சீட்டுதான கீது?" என்றார். நண்பர் இறங்கவில்லை. காலைப் பார்த்துவிட்டு அவருக்கு மயக்கமாக வந்ததாம். கடைசியில் பால் வண்டியில் கேன்களுக்கு நடுவே படுக்க வைத்துக்கொண்டு போனோம். செல்வியின் தங்கச்சியை அடித்த அதே பால் வண்டி. டிரைவர் வழி முழுவதும் ஹாரனிலிருந்து கையை எடுக்கவில்லை, அழுதுகொண்டே ஓட்டினார். ஒன்பது வேகத்தடையிலும் வண்டி நின்று ஏறியது. ஒவ்வொன்றிலும் அப்பா கண்ணைத் திறந்து எண்ணினார். அவருக்கு மனப்பாடம்.

பாதத்தை எடுத்துவிட்டார்கள். இன்னும் கொஞ்சம் மேலே எடுக்க வேண்டியிருக்கும் என்கிறார்கள். திங்கட்கிழமை ஜேசிபி வந்து எங்கள் வேகத்தடையைப் பெயர்த்துவிட்டுப் போனது. விபத்துக்கு அதுதான் காரணமாம். இந்த முறை யாரும் வந்து உட்காரவில்லை. செவ்வாய்க்கிழமை சின்னவர் ஆஸ்பத்திரிக்கு ஆப்பிள் வாங்கிக்கொண்டு வந்தார். வராண்டாவில் நின்று யாரோடோ ஃபோனில் பேசினார். என் அம்மா ஃபிளாஸ்கோடு பக்கத்திலேயே நின்றிருந்தார், அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். "இல்லடா, இது தெனோம் ஓட்ற வண்டி இல்ல. நம்ம ரோட்டுக்கு ஒத்து வர்ல. பேஜாரு. மாத்திட்டு ஒசரமா ஒண்ணு எட்த்துடலாம்னு கீறேன்." எட்டு மாதத்துக்கு முன் டீக்கடையில் இருந்த எல்லோருக்கும் தெரிந்த விஷயம். அவருக்குத் தெரிய என் அப்பாவின் பாதம் தேவைப்பட்டது.

நாளைக் காலை பத்து மணிக்கு ஏட்டு இந்த வீட்டுக்கு வருகிறார். பார்த்தவள் நான் என்பதால் என்னிடம் எழுதி வாங்குவார். நண்பர் ஏற்கெனவே எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். சாயங்காலம் பெரியம்மா எனக்கு இட்லி வைத்துக்கொண்டே சொல்லிக்கொடுத்தார்.

"இன்னா கேட்டாலும் ஒரே பேச்சுதான். அப்பா குடிச்சிக்கினு வந்தாரு, தடுமாறிக்கினு போய் வண்டியில வுழுந்தாரு. புரிஞ்சிதா?"

"எங்க நைனா குடிக்க மாட்டாருங்க."

"தெரியும்டி. தெரிஞ்சிதான சொல்லிக் குடுக்கறேன். குடிக்கிறவன்னா நீ தானா சொல்லிக்கப் போற." இன்னும் ஓர் இட்லி வைத்தார். "ஒங்க வூடு எங்க மனையில கீது. ஒங்கம்மா நாளைக்கி நடவுக்கு யார் கழனிக்குப் போவா? நீ படிக்க வேணாமா?"

பிறகு அவரே ஃபோன் போட்டு அப்பாவிடம் கொடுக்கச் சொன்னார். அப்பா குரல் மெல்லமாக இருந்தது. "சொல்லிடு பாப்பா. இனிமே நானு எங்க போப்போறேன், பேருல இன்னா கீது." அப்புறம், "குடிச்சவன் எப்படி நடப்பான்னு கேட்டா சொல்லத் தெரியுமா ஒனக்கு? நம்ம வூட்ல நீ பாத்ததே இல்லியே" என்று சிரித்தார்.

எங்கள் தெருவில் குடிக்காத ஆண் அவர் ஒருவர்தான். கல்யாணத்தில் வற்புறுத்தினால் எழுந்து வந்துவிடுவார். நிலமில்லை, நகையில்லை, படிப்பில்லை, அவரிடம் இருந்தது அந்த ஒன்றுதான். அவர் காலை நான் பலகை வைத்து எடுத்துக்கொண்டேன். இதை நாளைக்கு எடுத்துக்கொள்வேன்.

எடுக்க மாட்டேன் என்று உனக்கு எழுத ஆசையாகத்தான் இருக்கிறது. படிக்கும்போது உனக்கும் பெருமையாக இருக்கும். ஆனால் பெரியம்மா தூக்கத்தில் புரண்டால்கூட என் கை நின்றுபோகிறது. முட்டி போட்டுப் பலகை சரிசெய்த அதே பெண்தான் நாளைக்கு ஏட்டு முன்னால் நிற்கப் போகிறாள். இந்த நான்கு நாளில் அவள் மாறவில்லை. நான் பொய் சொல்வேன், கையெழுத்தும் போடுவேன்.

பிறகு நான் படிப்பேன், வேலைக்குப் போவேன், உன்னைப் பெறுவேன். வருடம் போகப் போக அந்தப் பொய் எனக்குச் சுலபமாகிவிடும். பத்து இடத்தில் சொன்னால் நானே நம்பிவிடுவேன். உன் தாத்தாவுக்கு ஏன் ஒரு கால் இல்லை என்று நீ சின்ன வயதில் கேட்டிருப்பாய். அவர் கொஞ்சம் குடிப்பார், பாவம் என்று நான் சொல்லியிருப்பேன். சொல்லியிருந்தால் இந்தக் கடிதத்தை எடுத்துக்கொண்டு என்னிடம் வா. நீ என்ன கார் வேண்டுமானாலும் வாங்கிக்கொள், நான் தடுக்க மாட்டேன். அதற்கு முன்னால் என்னை எதிரே உட்கார வைத்து இதை உரக்கப் படி. நான் அழுவேன். அம்மா பாவம் என்று பாதியில் நிறுத்திவிடாதே. பலகையைத் தள்ளிச் சரிசெய்தேன் என்ற இடம் வரும்போது நான் எழுந்து அடுப்பைப் பார்க்கப் போவேன். கையைப் பிடித்து உட்கார வை. மறுபடி அந்த வரியிலிருந்து படி.